சுவர்க்கல்லில் குடியிருந்தவர்கள்

டக்.

கொஞ்சம் பொறுத்து, டக் டக்.

மாதா கோயில் மணி ஒன்பது அடித்து ஓய்ந்து, நங்கூரத் தெருவின் கடைசி இடியாப்பத் தட்டையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு சலேத் அக்கா விளக்கை அணைத்த பிறகு, பாப்பாவுக்குப் பால் கொடுத்துத் தொட்டிலில் போட்டு, வாசல் கதவைச் சாத்தி, கதவுக்குப் பின்னால் வெறுங்குடத்தை வைத்து, குடத்தின்மேல் எவர்சில்வர் தட்டை வைத்து, தட்டின்மேல் நாலு தம்ளரைக் கவிழ்த்து, காவல் சம்மனசு ஜெபத்தை மூன்றாம் தடவை சொல்லி முடித்த நேரத்தில்தான் அந்தச் சத்தம் வந்தது. முதலில் ஒன்று, பிறகு சேர்ந்தாற்போல் இரண்டு. யாரோ இருட்டில் நின்று விரல் சொடுக்குகிற மாதிரி.

தொட்டிலுக்குள் பாப்பா சிரித்தாள்.

நான் தொட்டில் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டேன். ஏனென்றால் அப்படி ஒன்றும் பிறகு இரண்டுமாகச் சொடுக்கிப் பாப்பாவைச் சிரிக்கவைக்கிற ஆள் இந்த வீட்டில் ஒருவர்தான் உண்டு. அவர் அப்போது ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகிற சரக்குக் கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார், அல்லது போட்டுக்கொண்டிருக்க வேண்டும். பதினேழு நாளாக அவரிடமிருந்து போன் இல்லை. சத்தமோ முன்னறையிலிருந்த கண்ணாடித் தொட்டியின் கல்லுக்குள்ளிருந்து வந்தது. அந்தக் கல்லுக்குள்ளிருந்து வருகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பது அதற்குள் தூத்துக்குடியில் பாதிப் பேருக்குத் தெரியும்.

நான் கடற்கரையில் பிறந்தவள் இல்லை. திண்டுக்கல் பக்கம் கன்னியர் மடத்து விடுதியில் பன்னிரண்டு வருஷம் வளர்ந்தவள். அங்கே சிஸ்டர் எப்ரேம் என்று ஒருவர் இருந்தார். இரவு எட்டரைக்கு முதல் தாழ்ப்பாளும், ஒன்பதுக்கு இரண்டாவது தாழ்ப்பாளும், ஒன்பதரைக்குப் பூட்டும் போட்டு, எங்களை ஒவ்வொருத்தியாகக் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்கச் சொல்லி, அதன்பிறகுதான் படுக்க விடுவார். அடியில் யார் இருப்பார் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அதனாலேயே எல்லோரும் இருப்பார்கள் என்று நான் நம்பினேன். அப்படிப்பட்டவளைக் கொண்டுவந்து, இருபத்திரண்டு வருஷமாகத் தாழ்ப்பாள் போடாத வீட்டில் வாழவைத்தார்கள்.

நங்கூரத் தெருவில் அது வழக்கம். கடலுக்குப் போன ஆள் திரும்பி வரும்வரைக்கும் வீட்டுக் கதவைச் சாத்தலாம், உள்ளே தாழ் போடக் கூடாது. நடுச்சாமத்தில் வந்தவன் தன் வீட்டு வாசலிலேயே தட்டிக்கொண்டு நின்றால், 'இவனுக்கு வீடு இல்லை போல' என்று நினைத்துக் கடல் மறுபடி கூட்டிக்கொண்டு போய்விடும். ஆள் கடலில் இருக்கிற நாளெல்லாம் பெண்சாதி அவன் பேரையும் சொல்லக் கூடாது. கடலுக்குக் காது நீளம். மற்ற வீடுகளில் ஆள் வந்ததும், செத்தது தெரிந்தால் பூசை வைத்ததும், தாழ் போட்டுக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் அதற்கும் வழியில்லை. என் மாமனார் கஸ்பார் மொராயிஸ், என் வீட்டுக்காரருக்கு ஏழு வயதாக இருக்கும்போது வள்ளத்தில் போனவர், வள்ளம் மட்டும் மூன்றாம் நாள் தானாகக் கரைக்கு வந்தது. இலங்கைக் கற்பிட்டியில் வேறொரு பெண்ணோடு இருக்கிறார், பார்த்தவர்கள் உண்டு என்று தெரு சொன்னது. அத்தை அதை நம்பவில்லை. "அவர் கடலுக்குப் போயிருக்காவ. வரல. வராதவருக்கு எப்படி தாழ் போட?" என்று சொல்லிச் சொல்லியே அத்தை செத்துப்போனார்கள், நான் இந்த வீட்டுக்கு வருமுன்னமே. மெற்றில்டா மைனி நம்பினார்கள். இவருடைய அக்கா அவர்கள். கல்யாணம் செய்துகொள்ளாமல் கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் இருபத்து நாலு வருஷமாக அட்டெண்டர். அப்பா என்கிற சொல்லை அவர்கள் வாயால் நான் கேட்டதே இல்லை. 'அந்த ஆள்' என்பார்கள். ஆனாலும் சாகிற அம்மாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டதால் அவர்களும் தாழ் போடுவதில்லை. தாழ்ப்பாளின்மேல் மூன்று தடவை பெயிண்ட் அடித்து, அது கதவோடு கதவாகப் போயிருந்தது.

ஆகவே குடம், தட்டு, நாலு தம்ளர்.

கண்ணாடித் தொட்டி வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஊர்ப் பழைய வீடுகளைப் போல எங்கள் வீட்டுப் பின்சுவரும் கடலிலிருந்து வெட்டிக் கொண்டுவந்த பவளக்கல்லால் கட்டியது. அறுபது வருஷம் சுண்ணாம்புக்குள் நின்ற சுவர். பாப்பா பிறந்த பிறகு குளியலறை கட்டவேண்டும் என்று அதை இடித்தோம். விடுப்பில் வந்திருந்த இவருக்கு அந்தக் கல்லைக் குப்பையில் கொட்ட மனசு வரவில்லை. நல்லதாக ஏழெட்டைத் தேய்த்துக் கழுவி, நாலடித் தொட்டி ஒன்றை வாங்கி, துறைமுகத்துக்கு அந்தப்பக்கம் தெளிந்த கடல்தண்ணீராகப் பார்த்துக் கேன் கேனாகக் கொண்டுவந்து ஊற்றி, மோட்டாரும் நீல விளக்கும் மாட்டிவிட்டு, "பாப்பாவுக்கு விளையாட்டு காட்ட நாலு மீன் பிறகு வாங்கிப் போடுவோம்" என்று சொல்லிக் கப்பலுக்குப் போய்விட்டார்.

மீன் வாங்க வேண்டியிருக்கவில்லை. அவர் போன இருபதாம் நாள் கல் நிறம் மாறியது. முதலில் ஊதா, பிறகு பச்சை, பிறகு வெந்தயக்களி மாதிரி ஒரு நிறம். அப்புறம் ஓட்டைகளிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வர ஆரம்பித்தன: மயிர் முளைத்த புழு ஒன்று, அரிசி அளவு நத்தைகள், அசையாமல் ஒட்டிக்கிடக்கிற எட்டு ஓட்டுப் பூச்சி ஒன்று, பாம்பு வாலைப்போல ஐந்து கை உள்ள நட்சத்திரம் ஒன்று, குழலுக்குள் இருந்துகொண்டு வர்ணக் குடை விரிக்கிற விசிறிப்புழு ஒன்று. எனக்குப் பயம். தண்ணீருக்குள் இருப்பது கடிக்குமா, வெளியே வருமா, தொட்டிலில் ஏறுமா என்று ராத்திரியெல்லாம் முழித்துப் பார்த்து, மைனியின் பழைய ரெக்கார்டு நோட்டு ஒன்றில், கோடு போட்ட பக்கத்தில் விவரமும் கோடு போடாத பக்கத்தில் பென்சில் படமுமாக, விடுதியில் கற்றுக்கொடுத்த மாதிரி மார்ஜின் விட்டு எழுதிவைத்தேன்.

மைனி கல்லூரியிலிருந்து பூதக்கண்ணாடியும் அட்டை கிழிந்த புத்தகம் ஒன்றும் கொண்டுவந்தார்கள். டார்ச்சுக்குச் சிவப்புக் காகிதம் சுற்றினார்கள். சிவப்பு வெளிச்சம் இதுகளுக்குத் தெரியாதாம்.

"மொதல்ல காலை எண்ணு. அப்புறம் கணுவை எண்ணு. எண்ணாம பேர் வைக்கக் கூடாது" என்றார்கள்.

"மைனி, அறுபது வருஷம் சுவருக்குள்ள காய்ஞ்சு கிடந்த கல்லுல இதெல்லாம் எப்படி?"

"அது புத்தகத்துல இல்ல. நீ காலை எண்ணு."

எண்ணி, புத்தகத்தில் பார்த்து, ஆய்வகத்துப் பிளாஸ்திரியில் லத்தீன் பேரை எழுதிக் கண்ணாடியில் ஒட்டினார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, பாப்பாவுக்கு இடியாப்பம் கொண்டுவந்த சலேத் அக்கா ஒருநாள் தொட்டி முன்னால் நின்றுவிடும்வரைக்கும்.

விசிறிப்புழு குடையை விரித்தது. மடக்கியது. மறுபடி விரித்து, பாதி மடக்கி, யோசித்து, விரித்தது.

"இது எங்க வீட்டுக்காரருல்லா!" என்றார் சலேத் அக்கா. "மழை வருமா வராதான்னு வாசப்படியில நின்னுக்கிட்டு குடையை இப்படித்தான் செய்வாவ. நான் கத்துவேன், ஒண்ணு விரியும் இல்ல மடக்கும்னு."

"அக்கா, அது சபெல்லா வகைப் புழு" என்றார்கள் மைனி.

"நீ என்னத்தையும் சொல்லு. வியாகுலம்! ஏய் வியாகுலம்!"

குழலை விட்டுச் சாகும்வரை வெளியே வராது என்று புத்தகம் சொன்ன அந்தப் புழு, குழலை விட்டு வெளியே வந்து, மணலில் நெளிந்து, கண்ணாடியில் ஏறி, சலேத் அக்காவின் மூக்குக்கு நேராக வந்து ஒட்டிக்கொண்டது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் புயலில் போன புருஷனிடம் சலேத் அக்கா அரைமணி நேரம் பேசினார். பெரும்பாலும் திட்டுதான். திட்டி முடிந்ததும் அது திரும்பிப்போய்க் குழலில் ஏறிக் குடையை விரித்தது.

"பதில் ஒண்ணும் சொல்லலியே அக்கா" என்றேன் நான்.

"இருந்தப்ப மட்டும் சொன்னாவளாக்கும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு இடியாப்பத் தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

அவ்வளவுதான். மறுநாள் தெரு முழுக்க வந்தது. ஆச்சரியப்பட்டவர்கள் யாரும் இல்லை. கடல் கொண்டுபோனது ஒருநாள் எங்கேயாவது வந்து சேரத்தானே செய்யும் என்கிற மாதிரி, செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு வரிசையில் நின்றார்கள். உற்றுப் பார்த்து, குணத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்தார்கள். சொந்தக்காரர் வாயால் சரியான பேரைச் சொன்னால் கண்ணாடிக்கு வரும், தவறாகச் சொன்னால் கல்லுக்குள் போய்விடும். எட்டு ஓட்டுப் பூச்சி, கோயிலில் நாற்பது வருஷம் ஒரே தூணடியில் உட்கார்ந்திருந்து, கடைசியில் கடலில் போன உபதேசியார். பாம்புக்கை நட்சத்திரம், துறைமுகத்தில் பாரம் தூக்கும் விஞ்ச் ஓட்டி ஓய்வுபெற்ற தொம்மை அண்ணாச்சியின் தம்பி லாசர். அடுத்தவன் தட்டுக்குக் கை நீட்டுவதில் அப்போதே பேர் பெற்றவராம். மைனி ஒட்டிய பிளாஸ்திரியில் மேலே லத்தீன் பேர், கீழே தெரு எழுதிய ஞானஸ்நானப் பேர் என்று இரண்டு வரி ஆனது. மைனி மேல் வரிக்கு மட்டும்தான் பொறுப்பு என்று சொல்லிவிட்டார்கள்.

சொன்னார்களே தவிர, கூட்டத்தை ஆண்டது அவர்கள்தான். நாலு மணியிலிருந்து ஆறு மணிவரைதான் பார்வை நேரம். பிஸ்கட் போடக் கூடாது. பூ போடக் கூடாது. பங்குச்சாமியார் தீர்த்தச் செம்போடு வந்தபோது, "சாமி, நல்லதண்ணி பட்டா உப்பு குறைஞ்சிரும், வெறுங்கையால ஆசீர்வதிங்க" என்றார்கள். சாமியார் தலையை ஆட்டிக்கொண்டு வெறுங்கையால் ஆசீர்வதித்தார். தொம்மை அண்ணாச்சி யாரும் பார்க்காத நேரத்தில் தம்பிக்கு ஆசையாக ஒரு மூடி பிராந்தி ஊற்றிவிட்டார். தண்ணீர் கலங்கி, லாசர் இரண்டு நாள் எந்தக் கை எங்கே என்று தெரியாமல் கிடக்க, மைனி தெருவில் நின்று போட்ட சத்தத்தில் அண்ணாச்சி ஒரு வாரம் பின்வாசல் வழியாகவே நடமாடினார். கல்லறைத் திருநாளன்று, கடலில் போனவர்களுக்குக் கல்லறை இல்லாத வீட்டுக்காரர்கள் எல்லோரும் மெழுகுதிரியோடு எங்கள் முன்னறைக்கு வந்தார்கள். சூடு ஆகாது என்பதால் திரிகளை வாசல்படியில் ஏற்றினோம். அன்றைக்கென்று கரண்ட் போய் மோட்டார் நின்றுவிட, தெரு ஆண்கள் முறைபோட்டு, விடியும்வரை செம்பில் மோந்து மோந்து உயரத்திலிருந்து ஊற்றி, செத்துப்போனவர்கள் மூச்சுமுட்டிச் சாகாமல் பார்த்துக்கொண்டார்கள். பதினாலு பேரும் பிழைத்தார்கள். கைவலிக்குத் தைலம் நான் கொடுத்தேன்.

எனக்கும் பயம் குறைந்துதான் வந்தது. தாழ் இல்லாத கதவைப் பற்றிக்கூட, வருகிறவர் போகிறவர் கூட்டத்தில், கொஞ்சம் மறந்திருந்தேன். அப்போதுதான் போன் நின்றது. பதினேழாம் நாள் ராத்திரி, டக். பிறகு டக் டக்.

நான் போய்ப் பார்க்கவில்லை. மைனி வீட்டில் இல்லை; மாணவர்களோடு மண்டபம் கடற்கரைக்குக் கள ஆய்வுக்குப் போய் நாலு நாளாகியிருந்தது. பாப்பாவைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்து, சொடுக்குகிற ஒவ்வொரு தடவையும் பாப்பா சிரிக்கச் சிரிக்க, அவள் வாயைப் பொத்தலாமா என்றுகூட நினைத்து, விடியும்வரை இருந்தேன். அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் தெரிந்துவிடும். கல்லுக்குள் போனால் அவர் இல்லை. கண்ணாடிக்கு வந்தால்? நுனிநாக்குவரை வந்த பேரை விழுங்கிக்கொண்டேன். கப்பல் கம்பெனிக்குப் போன் செய்தேன். விசாரித்துச் சொல்கிறோம் என்றார்கள். அவர்கள் விசாரித்துக்கொண்டே இருந்தார்கள்.

மறுநாள் நாலு மணிக்குக் கூட்டம் வந்தது. லாசருக்கு வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பிய தொம்மை அண்ணாச்சி அப்படியே நின்றார்.

டக். டக் டக்.

"அட, புது ஆளு!" தெருவுக்கே சந்தோஷம். எங்கே எங்கே என்று முண்டினார்கள். நடுக்கல்லின் அடியில் இருட்டு ஓட்டை. அதற்குள்ளிருந்து இரண்டு மீசை மட்டும் வெளியே ஆடியது. ஆளாளுக்குக் கூப்பிட்டார்கள். இஞ்ஞாசி. சவரிமுத்து. மரியான். பூண்டி. தூரத்து உறவு, வாடகைக்கு இருந்தவர்கள், ஒரு தடவை வள்ளத்தில் சும்மா ஏறிப்போன தபால்காரர் வரைக்கும் கூப்பிட்டுப் பார்த்தார்கள். மீசை உள்ளே போவதும் கொஞ்சம் பொறுத்து வெளியே வருவதுமாக இருந்தது. சத்தமும் நிற்கவில்லை.

தொம்மை அண்ணாச்சி விரலை மடக்கி எண்ணினார். "எல்லாம் ஆச்சே. இனி இந்தத் தெருவுல கடலுக்குப் போனவன்னு பார்த்தா ஒரே ஒரு..."

"வாயை மூடும்வேய்!" என்றார் சலேத் அக்கா.

அப்போது பாப்பா, என் இடுப்பிலிருந்து, அந்தச் சத்தத்துக்குக் கைகொட்டிச் சிரித்தாள். அது யாருக்கான சிரிப்பு என்று அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். இவர் அவளைத் தோளில் போட்டுச் சொடுக்கிக்கொண்டே கடைத்தெருவரை போய்வருவார்.

ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. வரிசை பின்னாலிருந்து கரைந்தது. செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் போனார்கள். சலேத் அக்கா மட்டும் என் தலையில் கையை வைத்து, "கூப்பிடாத பிள்ள. கூப்பிடாத வரைக்கும் ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு, ஒரு தட்டு இடியாப்பத்தை வைத்துவிட்டு, அதற்குத் தொட்டுக்கொள்ளத் தேங்காய்ப்பால் கொண்டுவர மறந்து போனார். சலேத் அக்கா பாலை மறந்தார் என்றால் விஷயம் அவ்வளவு பெரியது.

இருட்டுகிற நேரத்தில் மைனி வந்தார்கள். உப்பேறிய பையை வைத்துவிட்டு, "என்ன, தெருவே செத்துக் கிடக்கு?" என்று கேட்டவர்கள், பாதியில் நிறுத்தினார்கள்.

டக். டக் டக்.

மைனியின் முகம் வெள்ளையாகப் போனதை அன்றுதான் பார்த்தேன். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, பூதக்கண்ணாடியை எடுத்து, சிவப்பு டார்ச்சை என் கையில் கொடுத்து, "பிடி" என்றார்கள்.

"எனக்குப் பார்க்க வேண்டாம் மைனி."

"பார்க்க வேண்டாம். வெளிச்சம் மட்டும் பிடி. எண்ணாம பேர் வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்லா."

தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, கண்ணாடியோடு கண்ணை ஒட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்கள். பார்க்கக் கூடாது என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதில் சிவப்பு வெளிச்சம் கல்லெல்லாம் ஓடியது.

"சொடக்கு இறால்" என்றார்கள் கடைசியில். "ஆல்பியஸ் வகை. பத்துக் கால். முன்னங்கை ரெண்டுல ஒண்ணு மட்டும் பெருசு, குத்துச்சண்டைக்காரன் கை மாதிரி. அதாலதான் சொடுக்குது. எந்தக் கை பெருசுங்கிறது ஒவ்வொண்ணுக்கும் மாறும். லைட்டை ஆட்டாத." மூச்சை இழுத்துப்பிடித்தார்கள். "இடது."

"என்ன மைனி?"

"இடது கை. ஏ லெத்தீசியா, ரோமால்டு எந்தக் கையால சொடுக்குவான்? யோசிச்சுச் சொல்லு."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இடது தோளில் பாப்பா. வலது கை காற்றில். "வலது. எப்பவும் வலது, மைனி. இடது கையால அவருக்குச் சொடுக்கவே வராது. முயற்சி பண்ணிப் பண்ணித் தோத்துப்போவார், நான் சிரிப்பேன்."

டார்ச் என் கையிலிருந்து விழுந்தது. கீழே விழுந்த வெளிச்சத்தில், நான் அழுவதையும் சிரிப்பதையும் ஒன்றாகச் செய்துகொண்டிருந்தேன். மைனி எழவில்லை. தரையில் கிடந்தபடியே, தொட்டியைப் பார்த்தபடியே பேசினார்கள்.

"அவனுக்கு அது யார் கத்துக்கொடுத்ததுன்னு நெனைக்கிற? கடல்ல இருந்து வந்ததும் தெரு முனையிலயே சொடுக்குவாவ. ஒண்ணு, அப்புறம் ரெண்டு. நாங்க எங்க இருந்தாலும் ஓடணும். ரோமால்டு பார்த்துப் பார்த்துப் பழகினான், சின்னப் பய, எதிர்க்க நின்னு பார்த்ததால வலது கையில பழகிட்டான். அந்த ஆளு..." நிறுத்தினார்கள். "அந்த ஆளு இடக்கைக்காரரு."

தெருவே அத்தனை பேரைக் கூப்பிட்டபோது அந்தப் பேரை மட்டும் யாருமே கூப்பிடாததன் காரணம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. கற்பிட்டியில் உயிரோடு இருக்கிறவரை இங்கே யார் தேடுவார்கள்? இந்தக் கல்லுக்குக் கடல் எடுத்துக்கொண்டவர்கள் மட்டும்தான் வருவார்கள்.

மைனி எழுந்து உட்கார்ந்தார்கள். கல்லூரியில் வருகைப் பதிவு வாசிக்கிற குரலில் கூப்பிட்டார்கள்: "கஸ்பார் மொராயிஸ்."

மீசை வெளியே வந்தது. தலை வந்தது. பெரிய இடது கையும் வந்தது. பாதி உடம்பு வெளியே வந்த நிலையில், மற்றவர்களைப்போல ஏறி வராமல், உள்ளேயும் போகாமல், அப்படியே நின்றது. விடுதியில் பெற்றோரைப் பார்க்கும் நாளன்று, தன்னைத் தேடித்தான் வந்திருக்கிறார்களா என்று தெரியாமல் படிக்கட்டில் நிற்கிற பிள்ளை மாதிரி நின்றது.

பாப்பாகூட எட்டிப் பார்த்தாள்.

"அப்பா" என்றார்கள் மைனி.

மணலைத் தாண்டி, சலேத் அக்காவின் புருஷனையும் உபதேசியாரையும் தாண்டி, ஓடி வந்து கண்ணாடியில் ஏறி அது மைனியின் உள்ளங்கைக்கு நேரே ஒட்டிக்கொண்டது. உளுந்தளவு கண் இரண்டும் மைனியைப் பார்த்தன.

"இருபத்திரெண்டு வருஷம்!" என்று மைனி கத்தினார்கள். "இருபத்திரெண்டு வருஷமா நீங்க கற்பிட்டியில எவளோ வடிச்ச சோத்தைத் தின்னுட்டுக் கிடக்கியன்னு நெனச்சு, உங்களுக்கு ஒரு பூசை வைக்கல, ஒரு திரி ஏத்தல, அம்மா சொன்னதை நம்பல, வந்து பொண்ணு கேட்டவங்ககிட்ட எல்லாம் 'அப்பன் ஓடிப்போனவன்'னு முதல் வார்த்தையாச் சொல்லி விரட்டுனேன். இந்தச் சுவருக்குள்ள வந்து உக்காந்துக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா! நான் அதுக்குப் பக்கத்துலதானப்பா படுத்துக் கிடந்தேன்!"

டக் என்றது அது. பிறகு, டக் டக்.

மைனி என்னைப் பார்த்தார்கள், மூக்கும் கண்ணும் ஒழுக. "ஓடிப்போகல, பிள்ள. அவரு ஓடிப்போகல" என்றார்கள். பிறகு சிரித்தார்கள். மைனிக்கு வலது கன்னத்தில் குழி விழும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

மறுநாள் சேதி போய், தெரு சலேத் அக்காவின் தலைமையில் தேங்காய்ப்பாலோடு வந்தது. கடைசியாகத் தொம்மை அண்ணாச்சி துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றார். கற்பிட்டியில் பார்த்த ஆள் அவர்தான்.

"திருவிழாக் கூட்டத்துல பின்னால இருந்து பார்த்தது, மெற்றில்டா. முதுகு அவனை மாதிரியே இருந்துச்சு."

"முதுகு!" என்றார்கள் மைனி. "காலை எண்ணினீரா? கணுவை எண்ணினீரா? ஒரு முதுகைப் பார்த்துட்டு வந்து எங்க அம்மாகிட்ட சொல்லியிருக்கீரு!"

அண்ணாச்சி தொட்டியைப் பார்த்துக் கும்பிட்டார். "கஸ்பாரு, மாப்ள, மன்னிச்சிரு." இறால் திரும்பி, வாலைக் காட்டிக்கொண்டு நின்றது. தெரு சிரித்த சிரிப்பில் அண்ணாச்சியும் சிரித்துவிட்டார். தொட்டிக்கு வாரம் நாலு கேன் கடல்தண்ணீர் சாகும்வரை தன் பொறுப்பு என்று அங்கேயே வாக்குக் கொடுத்தார். மைனி புதிய பிளாஸ்திரி கிழித்து மேலே லத்தீன் பேரை எழுதி, முதல்முறையாகக் கீழ்வரியையும் தன் கையாலேயே எழுதினார்கள்: கஸ்பார் மொராயிஸ், கடலுக்குப் போனவர். சாயங்காலம் அத்தையின் கல்லறைக்குப் போய் வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தார்கள்.

மூன்றாம் நாள் போன் வந்தது. கப்பலில் போன் பேசுகிற பெட்டி கெட்டுப்போய், துறைமுகம் சேர இருபது நாளாகியிருக்கிறது. "என்ன லெத்தி, பயந்துட்டியா?" என்று கேட்டார். நான் பயந்ததை எல்லாம் சொல்ல ஆரம்பித்தால் அவருடைய போன் கார்டு தீர்ந்துபோகும் என்பதால், "உங்க அப்பா வந்திருக்காங்க. சீக்கிரம் வாங்க" என்று மட்டும் சொன்னேன்.

ஐந்து வாரம் கழித்து வந்தார். காலை எட்டு மணிக்கு வருவேன் என்று சொன்ன மனிதர், கிடைத்த வண்டியில் ஏறி நாலரைக்கே வந்து, திறந்திருக்கிற கதவுதானே என்று தள்ளினார். குடம், தட்டு, நாலு தம்ளர். மாதா கோயில் மணி அடிக்குமுன் நங்கூரத் தெரு எழுந்தது அன்றைக்குத்தான். சலேத் அக்கா இடியாப்ப உரலோடு ஓடிவந்தார், தொம்மை அண்ணாச்சி ஒரு காலில் செருப்போடு ஓடிவந்தார், நான் மாவு சலிக்கிற சல்லடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்; அதை வைத்து யாரை என்ன செய்திருக்க முடியும் என்று தெரியவில்லை. உருண்டுவந்த தம்ளரைக் குனிந்து எடுத்தவர் என்னைப் பார்த்து, வலது கையைத் தூக்கிச் சொடுக்கினார். பாப்பா தொட்டிலுக்குள்ளேயே துள்ளினாள்.

தொட்டியிலிருந்து பதில் வந்தது. ஒன்று. பிறகு இரண்டு.

அவர் பையை அப்படியே கீழே விட்டுவிட்டு, தொட்டி முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்து, ஏழு வயதுப் பையனாக எவ்வளவு நேரம் இருந்தார் என்பதை நான் எழுதப்போவதில்லை.

அன்று ராத்திரி எல்லோரும் போன பிறகு, மைனி ஒரு கிண்ணத்தில் தேங்காயெண்ணெயும், பெயிண்ட் சுரண்டப் பழைய ஆய்வகக் கத்தியும், அண்ணாச்சியிடம் இரவல் வாங்கிய சுத்தியலும் எடுத்துக்கொண்டு வாசல் கதவிடம் போனார்கள். பச்சை பெயிண்ட், அதற்கடியில் நீலம், அதற்கடியில் அத்தை காலத்துக் காவி என்று ஒவ்வொரு அடுக்காக உதிர்ந்தது. எண்ணெய் விட்டு, தட்டி, மறுபடி எண்ணெய் விட்டு, இவர் ஒரு பக்கம் கதவைத் தாங்கிப்பிடிக்க, தாழ்ப்பாள் முதலில் முனகியது, பிறகு விரல்கடை நகர்ந்தது.

"இந்த வீட்டு ஆம்பளைங்க எல்லாரும் வந்தாச்சு" என்று மைனி கையைத் துடைத்துக்கொண்டு விலகி நின்றார்கள். "நீ போடு, லெத்தீசியா. இத்தனை நாளா பயந்தவ நீதானே."

குடத்தை அடுக்களையில் வைத்தேன். தட்டை அதன் இடத்தில் வைத்தேன். பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து, ஒரு தடவை தெருவை எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. கட்டிலுக்கு அடியில் பார்க்கவேண்டும் என்றே தோன்றவில்லை. "ரோமால்டு" என்று முதல்முறையாக, சத்தமாக, கடலுக்குக் கேட்கும்படியே கூப்பிட்டேன். "என்ன?" என்றார் பக்கத்திலிருந்து. ஒன்றும் இல்லை என்றேன்.

கதவைச் சாத்தி, எண்ணெய் வழுக்கும் தாழ்ப்பாளை, உள்ளேயிருந்து, கடைசிவரைக்கும் தள்ளினேன்.